குப்பையில் போட்ட படிவம்

கனடாவில் நாங்கள் குடியிருந்த வில்லரேயில் என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு மலிவாகக் கிடைத்தது. ஒரு படிவத்தில் வீட்டு வருமானத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. என் கணவருக்குத் துறைமுகப் பக்கத்துக் கிடங்கில் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. ஆனாலும் படிவத்தைக் குப்பையில் போட்டேன். வறட்டுக் கௌரவம், வேறென்ன!

அதே பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் வாசலில் நிற்கும் தமிழ்த் தாய்மார் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். படிவத்துக்கு எங்கள் வாயில் 'போம்'.

"அக்கா, நீங்கள் போம் குடுத்தனீங்களோ?"

"எங்களுக்கு ஏன்? கடவுளே எண்டு ஒரு குறையுமில்லை."

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தியும் கொடுக்கவில்லை.

சில கிழமைகளின் பின், "தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஒரு படிவமும் வரவில்லை. எல்லாரும் வசதியாக இருக்கிறீர்கள், சந்தோஷம்" என்று பள்ளி அலுவலகப் பெண் மனதாரச் சொன்னாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அன்று மதியம் முதலாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளை ஒன்று, சீனி தூவிய பாண் துண்டை மறைத்து மறைத்துத் தின்றது. அடுத்த நாளும் அதே சீனிப் பாண். தகப்பன் இன்னும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். தாய் தனியாகத் தையல் ஆலைக்குப் போய் வந்தாள். அவளை வாசலில் பிடித்தேன்.

"போமை ஏன் நிரப்பேல்லை? பிள்ளை அரை வயிறோட இருக்குது!"

"நீங்களே தேவையில்லை எண்டு சொன்னனீங்கள். நான் மட்டும் குடுத்தால் சனம் என்ன கதைக்கும், அக்கா?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் பயந்த ஊர் வாய் என்னுடையதுதான். வெட்கமாக இருந்தது. என்மேலேயே கோபமும் வந்தது.

அலுவலகத்தில் ஒரு கட்டுப் படிவம் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எல்லாத் தாய்மாரும் பார்க்க, சுவரில் வைத்து என்னுடையதை நிரப்பத் தொடங்கினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கும் கஷ்டமோ?"

"ஓம். வாடகை குடுத்தால் பேந்து கையில ஒண்டுமில்லை."

கனடா வந்த பிறகு, இன்னொரு தமிழருக்கு என் வீட்டு நிலையை உள்ளபடி சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு, பேனைக்குக் கை நீட்டினாள். அவள் எழுதி முடித்ததும் பக்கத்தில் நின்றவள் வாங்கினாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் நின்றவள். பேனை என் கைக்குத் திரும்பி வர வெகுநேரம் ஆனது.