முத்துமாரி அக்காவின் சாயங்கால மல்லி

மன்னித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எழுதுகிறவள் இல்லை, லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறவள்.

முத்துமாரி அக்கா முந்தாநாள் இறந்துவிட்டார். காலையில் நெஞ்சு வலி... ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் அவர் பேக்கிங் பிரிவு. அவரைத் தெரியாதவர்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். முதல் வேலை, குவாலிட்டி செக்கிங். முதல் நாளே என்னை பேக்கிங் ஹால் வாசலில் நிற்க வைத்து, உள்ளே யார் தலையிலும் பூ இருக்கக் கூடாது, எடுக்கச் சொல்லு என்றார்கள்.

வந்த எல்லார் தலையிலும் பூ. தலையில் மாட்டக் கொடுக்கும் கேப் டப்பாவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன்.

அக்காதான் முதலில் தன் பூவை உருவினார். "ஏட்டி, இந்தப் பிள்ளை வாயத் தொறக்கதுக்குள்ள ஷிப்ட்டே முடிஞ்சிரும். நாமளே எடுத்துருவோம்."

எடுத்தார்கள். ஆனால் அந்த வாரம் முழுக்க என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் அக்கா ஒரு தூக்குவாளியோடு வந்தார். உள்ளே ஈரமான பேண்டேஜ் துணியில் சுற்றிய மல்லிச் சரம், எல்லாம் இறுகிய மொட்டு. வீட்டுத் தோட்டத்தில் விடியும்போதே பறித்து, பஸ்ஸில் வரும்போதே கட்டி முடித்திருந்தார்.

வாளியை வாட்ச்மேன் அண்ணாச்சி ரூமில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் கேப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் வெளியே வந்தபோது அவ்வளவும் விரிந்திருந்தது. அக்கா ஆளுக்கு ஒரு துண்டாகக் கிள்ளிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மல்லி சீசன் முழுக்க இதேதான். குடிக்கிற டீயில்கூட மல்லி வாசம் என்று அண்ணாச்சி புலம்புவார். ஆனால் வாளியை மட்டும் வெயில் படாமல் நகர்த்தி நகர்த்தி வைப்பார்.

பூ வாங்குகிற வரிசையில் நான் நிற்கமாட்டேன். வெட்கம். "ஏ டிகிரி, ஒனக்குத் தனியா பத்திரிகை அடிக்கணுமா? வா இங்க" என்று இழுத்து அக்காவே என் தலையில் வைத்துவிடுவார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், இது பஸ்ஸா பூக்கடையா என்பார். "கடைன்னா காசு கேப்பேன்லா. நீங்க சும்மா மோந்துக்கிடுங்க" என்பார் அக்கா. பஸ்ஸே சிரிக்கும். நானும் சத்தமாகச் சிரித்திருக்கிறேன்... நம்புங்கள்.

நேற்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனோம். பின்பக்கத் தோட்டத்தில் கனகாம்பரம், கோழிக்கொண்டை, அந்திமந்தாரை... வைகாசி முடியப் போகிற நேரத்தில் அப்படிப் பூத்துக் கிடக்கிறது.

மல்லி செடியிலேயே விரிந்திருந்தது. பறிக்க ஆள் இல்லையே. அக்கா இருக்கும்வரை ஒரு மொட்டையும் அப்படி விட்டதில்லை.

அழத்தான் போனோம். அந்த வாசத்தில் யாரோ கண்டக்டர் கதையை எடுக்க, எல்லாரும் சிரித்துவிட்டோம். அக்காவின் வீட்டுக்காரரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பொறவு செடிகளைப் பார்த்துச் சொன்னார். "இனி இத யாரு பாப்பா... பதினாறு முடியவும் வெட்டிட்டு, வண்டி நிப்பாட்ட ஷெட் போட்டுருவோம்."

கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்.

நல்லபடியாகப் போங்க அக்கா. இந்த வருசம் பூவுக்குக் குறைவே இல்லை.

கடைசியாக ஒன்று. அங்கேயே கேட்டிருக்க வேண்டும், தைரியம் இல்லை. அக்காவின் மகள் கவிதா இதைப் படிப்பாள் என்று தெரியும்.

கவிதா, செடியை வெட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுவாயா? எனக்குப் பூக் கட்ட வராது, எங்கள் ஷிப்டில் கட்டுவதற்கு ஆள் இருக்கிறது. பறிக்க நான் வருகிறேன், எங்கள் வன்னியம்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் செத்த நேரம்தான்.

பதினாறு முடியும்வரை ஒரு பூவையும் தொடமாட்டேன். நாளைக் காலையில் தண்ணீர் மட்டும் ஊற்ற வரட்டுமா?