ஆற்றைச் சந்தேகிக்காதவர்

என் அக்காள் ஆபிதா பீவியின் மாப்பிள்ளை நூகு மச்சானைப் பற்றி மேலப்பாளையத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். சவுதி வேலையை விட்டுவிட்டு வந்து பாகு காய்ச்சப் போன கிறுக்கர் என்று சிலர். பாவம், ராசியில்லாத மனுசர் என்று சிலர். எதைக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

மச்சான் கெமிக்கல் டிப்ளமா படித்தவர். சவுதியில் பேரீச்சம்பழப் பாகு எடுக்கும் ஆலையில் வேலை. வருசத்துக்கு ஒரு மாதம் லீவு. மகள் அர்வா பிறந்தபோதும் அவர் இல்லை, அவள் பேசத் தொடங்கியபோதும் இல்லை. ஒரு லீவுக்கு வந்தவரை வாசலில் பார்த்துவிட்டு, "உம்மா, யாரோ வந்திருக்காவ" என்று அந்தப் பிள்ளை உள்ளே ஓடியது. மச்சான் கையிலிருந்த பெட்டியை இறக்காமல் அப்படியே நின்றார். இனி பிழைப்பு ஊரில்தான் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்.

சீவலப்பேரியில் கார்த்திகேசன் அண்ணாச்சிக்கு அரிசி ஆலை இருந்தது. அங்கே மலிவாகக் கழியும் குருணையை ஒரு தொட்டியில் காய்ச்சி, இனிப்புப் பாகாக்கி பிஸ்கட் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று மச்சான் யோசனை சொன்னார். அண்ணாச்சி தலையாட்டினார். "ஆனா ஒண்ணு வே. தொட்டி ஓடினா உமக்கு இங்கன வேலை. ஓடலன்னா உம்ம பாட்டைப் பாத்துக்கிடும்" என்றார். ஆக, அந்தத் தொட்டி ஓடினால் மச்சான் வீட்டில் இருப்பார். ஓடாவிட்டால் மறுபடி விமானம். ஆபிதா லாத்தா ஐந்து வேளைத் தொழுகையிலும் ஒரு தொட்டிக்காக துஆ கேட்டது அப்படித்தான்.

விசயம் இதுதான். அரைத்துக் கரைத்த குருணையைச் சூடாக்கி நொதி என்ற சரக்கைச் சேர்த்தால், அது மாவை வெட்டி வெட்டிச் சர்க்கரையாக்கும். சூடு அதிகமானால் நொதி செத்துவிடும், குறைந்தால் சோம்பிக் கிடக்கும். அதற்காக மச்சான் இரட்டைச் சுவர் வைத்த தொட்டியை வரைந்தார். சுவர்களுக்கு நடுவே வெந்நீர் ஓடும். சாதாரணக் கலக்கி போட்டால் மாவு சுவரில் அப்பிக்கொண்டு கருகும் என்பதால், சுவரை வழித்துக்கொண்டே சுற்றும்படி தகடுகளை வளைத்தார். குழாய் வேலை முழுக்க என்னுடையது. ஒரு வால்வைக் கோணலாக வைத்ததற்காக நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் கொஞ்சம் கால்சியம் உப்பும் போட்டார். சூட்டில் நொதி குலையாமல் இருக்க அது வேண்டுமாம். ஒருநாள் போடாமல் ஓட்டினார், வித்தியாசமே தெரியவில்லை. "தேவையில்ல லே, விட்ருவோம்" என்றார். தொட்டி மாதக்கணக்கில் தங்கமாக ஓடியது. பாகில் ஒரு சொட்டு அயோடின் விட்டு, நீலம் வராததைக் காட்டிக் குழந்தை மாதிரி சிரிப்பார். நீலம் வந்தால் மாவு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அர்வா அவர் தோளில் ஏறி உட்காரத் தொடங்கியதும் அந்த மாதங்களில்தான்.

அப்போதுதான் பாகு லேசாக உப்புக் கரிக்கிறது என்று கம்பெனிக்காரன் சொன்னான். ஆலையில் இருந்தது போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. "கூப்பிடு தூரத்துல ஆறு ஓடுது, நாம இந்தச் சனியன் தண்ணிய வச்சுக்கிட்டுச் சீரழியுதோம்" என்றார் மச்சான். அண்ணாச்சியிடம் நடையாய் நடந்து ஆற்றுத் தண்ணீர் இணைப்பு வாங்கினார். தண்ணீர் வந்த அன்று அண்ணாச்சி தேங்காய் உடைத்தார். மச்சான் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "இதுக்கு முன்னால சவுதில பாட்டில் தண்ணி எல்லாம் எம்மாத்திரம் லே!" என்றார்.

மறுநாளிலிருந்து தொட்டி படுத்துவிட்டது. பாகு வரவில்லை, கஞ்சிதான் வந்தது. அயோடின் விட்டால் கருநீலம். நொதி கெட்ட சரக்கு என்று புதிதாக வரவழைத்தார், அதுவும் செத்தது. சூடுமானியை மாற்றினார். கலக்கியைக் கழற்றி மாட்டினார். என் குழாய்களை எல்லாம் பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் சந்தேகித்தார், ஒன்றைத் தவிர. எங்கள் ஊரில் பிறந்த எவன்தான் ஆற்றைச் சந்தேகிப்பான்? பிஸ்கட் கம்பெனி கையை விரித்தது. அண்ணாச்சி தொட்டி இருந்த ஷெட்டைப் பூட்டச் சொன்னார். மச்சான் பழைய சவுதி ஆலைக்கே போன் செய்தார், விசாவும் வந்துவிட்டது. லாத்தா அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

புறப்படும் வாரம் தன் சாமான்களை எடுக்க ஷெட்டுக்குப் போனார், நானும் போனேன். மூலையில் போர் தண்ணீர் காலத்துப் பழைய வெந்நீர் அண்டா கிடந்தது. உள்ளே கனமாக வெள்ளைப் படிவு. மச்சான் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். விரலில் ஒட்டியதை என்னிடம் நீட்டினார்.

"சுண்ணாம்பு லே. போர் தண்ணியிலயே கால்சியம் கெடந்திருக்கு. அதான் உப்பு போடாமலே ஓடியிருக்கு. ஆத்துத் தண்ணில அது இல்ல. நானே கேட்டு வாங்கி, நானே கொன்னுட்டேன்."

அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினோம்.

"என்ன வே சொல்லுதீரு? பச்சப்பிள்ளைக்கு அப்படியே குடுக்குத தண்ணி அது. அதப் போயி குத்தம் சொல்லுதீரு!"

"குத்தம் இல்ல அண்ணாச்சி. ஒரு கரண்டி கால்சியம் உப்பு போட்டா ஓடிரும். ஒரே ஒரு தடவை பாக்க விடுங்க."

"உப்புத் தண்ணி வேண்டாம்னது நீரு. ஆத்துத் தண்ணி வேணும்னதும் நீரு. இப்ப ஆத்துத் தண்ணில உப்பப் போடணும்னு சொல்லுததும் நீரு. என்னப் பாத்தா கேனப்பய மாதிரியா தெரியுது?"

எல்லாம் கேட்டது மச்சான்தானே. நான் வாயைத் திறந்தேன், அவர் என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். அந்த வாரமே திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினார். ரெண்டு வருச ஒப்பந்தம்.

நாலைந்து மாதம் கழித்து அண்ணாச்சியிடமிருந்து போன். ஒரு வால்வு ஒழுகுகிறது, வந்து பார் என்றார். போனால், தொட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது! அண்ணாச்சியின் தங்கை மகள் சுப்ரஜா, வேதியியல் படித்த பெண், அயோடின் பாட்டிலோடு நிற்கிறாள். சொட்டு விட்டாள். நீலம் வரவில்லை.

"உம்ம மச்சான் சொன்னது சரிதான் போல வே" என்றார் அண்ணாச்சி, சாதாரணமாக. "இவதான் உப்பப் போட்டுப் பாப்பமேன்னா. போட்டோம், ஓடிட்டு."

"ஓடினதும் அவருக்கு ஒரு போன் பண்ணப்பிடாதா?"

"அவருதான் போயிட்டாரே. இனி இவளே பாத்துக்கிடுவா. வீட்டுப் பிள்ளை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஸ்பேனரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வால்வு ஒழுகட்டும். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

லாத்தாவிடம் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"அவுககிட்ட சொல்லிராத லே. முடிஞ்சு போச்சுன்னு நெனச்சாத்தான் அங்கன இருப்பாவ. அவுக இல்லாம ஓடுதுன்னு தெரிஞ்சா எப்பிடி லே உறங்குவாவ?"

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மச்சான் கூப்பிட்டார். எல்லாரையும் விசாரித்துவிட்டு, "அண்ணாச்சி தொட்டிய எடைக்குப் போட்டுட்டாரா லே?" என்றார். லாத்தா என் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டாரு மச்சான்" என்றேன்.

"அப்ப சரி. அது கெடந்தா திரும்பி வந்து கேட்டுப் பாப்பமான்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. இனி அங்கன வந்து என்ன செய்ய? இங்க கம்பெனில இன்னும் அஞ்சு வருசத்துக்குக் கையெழுத்து கேக்காவ, போட்டுருதேன்."

நான் லாத்தாவைப் பார்த்தேன். ஆமென்றோ வேண்டாமென்றோ அவள் தலையை அசைக்கவே இல்லை. "போடுங்க மச்சான்" என்றேன்.