இரவல் முதுகு

பேய் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். செங்கோடனுக்கு இது நடந்தது பட்டப்பகலில். நடந்ததை அப்படியே சொல்கிறேன். கதை கட்டிச் சொல்லும் அளவுக்கு அவனுக்குச் சாமர்த்தியமும் கிடையாது.

யுத்த காலம். வெள்ளைக்காரத் துரையின் எஸ்டேட்டில் அவன் காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தபோது ஏற்காட்டுக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்து இரண்டு மாதமாகத் தங்கியிருந்தது. கதாநாயகன் புஷ்பநாதன். டூப் வைக்காமல் தானே குதிப்பவர், தானே விழுபவர் என்று நோட்டீசில் போட்டுப் போட்டே பெரிய ஆளானவர். உண்மையில் முக்காலியில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். அதனால் அவரைப் போலவே முதுகு உள்ள ஆளை, போகிற இடத்திலேயே ரகசியமாகப் பிடிப்பார்கள். இந்த முறை செங்கோடனின் முதுகு சிக்கியது.

புஷ்பநாதன் அவன் தோளில் கை போட்டார்.

"தம்பி, நான் விசில் அடிக்கிற வரைக்கும் பாறைமேல ஓடு. அடிச்சதும் நின்னுரு. ஒண்ணே ஒண்ணு, திரும்பி முகத்தைக் காட்டிராதே."

"பாறை முனை எவ்வளவு தூரமுங்க?"

"அதைப் பாக்கத்தானே நான் இருக்கேன். அடுத்த படத்துல உனக்கு முகத்தோட ஒரு வேஷம்."

முகத்தோடு. செங்கோடன் அன்றைக்கே எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய் வேலை வேண்டாம் என்றான்.

"போய்ட்டு வா சாமி. நொம்ப நல்ல மூஞ்சி, வீணாப் போகக் கூடாது" என்றார் ரைட்டர்.

கிளியூர் போகிற வழியில் ஒரு பாறை. ராஜகுமாரன் உடுப்பை மாட்டிவிட்டார்கள். ஜரிகைச் சட்டை ஈரமாக இருந்தது. முதுகில் நீளமாகக் கிழிந்து, புது நூலால் தைத்திருந்தார்கள். எப்படிக் கிழிந்தது என்று கேட்டான். கேட்டவுடன் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

பனிமூட்டம் இறங்கியது. "ஓடு" என்றது ஒரு குரல். ஓடினான்.

தட்... தட்... தட்...

காலடிச் சத்தம் இரட்டையாகக் கேட்டது.

முன்னால் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். அதே ஜரிகைச் சட்டை. அதே தலைப்பாகை. புஷ்பநாதனே ஓடுகிறாரோ? சேச்சே, இருக்காது என்று அந்தப் பயத்திலும் தோன்றியது.

விசில் வரவில்லை.

முன்னால் போனவன் நின்றான். பிறகு செங்கோடனை நோக்கி வந்தான்.

வந்தது முதுகு.

மார்பு இல்லை. முகம் இல்லை. முதுகைக் காட்டியபடியே... கிட்டே... இன்னும் கிட்டே...

செங்கோடன் குதிகாலை ஊன்றி நின்றான். காலடியில் ஒரு கல் உருண்டது.

அது விழுந்த சத்தம்...

கேட்கவே இல்லை.

மூட்டம் விலகியது. கட்டைவிரலுக்கு அப்பால் பூமி இல்லை. எதிரே யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தான். புஷ்பநாதன் நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விசில் மேஜைமேல் கிடந்தது.

டைரக்டர் சலித்துக்கொண்டார். "நின்னுட்டான். சரி விடுங்க, போன மாசம் எடுத்ததையே வெச்சுக்கலாம்."

போன மாதம் யாரை எடுத்தார்கள்? செங்கோடன் சட்டையைக் கழற்றி, முதுகுத் தையலைத் தடவிப் பார்த்தான். கம்பெனி மலையிறங்கியது. அடுத்த படத்துக்கு அழைப்பு வரவில்லை. ரைட்டரும் திரும்பச் சேர்க்கவில்லை.

தீபாவளிக்குப் படம் வந்தது. சேலத்துக்குப் போய்ப் பார்த்தான். அதே பாறை. நாயகன் ஓடினான். நிற்கவில்லை. இரண்டு கைகளும் காற்றைப் பிடித்துப் பார்த்தன... கொட்டகை முழுக்கக் கைதட்டல்.

வெளியே கிளியூர் அத்தாயி நின்றிருந்தாள். அவள் புருஷன் ஐயாக்கண்ணு சினிமாக்காரி ஒருத்தியோடு மெட்ராஸுக்கு ஓடிவிட்டதாக மலை முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பியது கம்பெனிதான்.

"ஏனுங்கண்ணா, பாத்தீங்களா? அந்தப் பாறையில குதிச்சது எங்க ஊட்டுக்காரருங்க."

"முகமே தெரியலியே, அத்தாயி."

"பத்து வருசம் பொறத்தால நடந்தவளுக்கு முதுகு தெரியாதுங்களா? என்னை உட்டுப்போட்டு மெட்ராஸ்ல ராசாவாட்டம் திரியறாரு. ஊட்டுக்கு வரட்டும், பேசிக்கறேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் போய் நின்றாள்.