மாலை போடாத படம்

போன மாதம் என் மைத்துனன் முனிசாமிக்கு நானே என் கையால் புடவை கட்டிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு அதில் முன் அனுபவம் கிடையாது. கொசுவம் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. அவனுக்கும் கட்டிக்கொண்டு பழக்கமில்லை. பர்கூரில் நிலம், தோப்பு, கிணறு என்று வாழ்கிறவன். பஞ்சாயத்தில் அவன் மீசையைத் தடவினாலே பாதி வழக்கு முடிந்துவிடும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவன் ஓசூர் கடைத்தெருவில், ஒரு போட்டோ ஸ்டூடியோவின் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இறுக்காதீங்க மாமா, மூச்சு முட்டுது" என்றான்.

எதற்கு இந்தக் கூத்து?

அவனுடைய அக்கா நாகம்மா, அதாவது என் மனைவி, போய் ஒரு வருஷமாகிறது. அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று கடைசி வரை கேமரா முன்னால் நிற்கவே மாட்டேன் என்றாள். நிற்காமலே குறைந்துபோயிற்று... யாரிடம் போய் நியாயம் கேட்பது?

பெங்களூர் பாக்டரியில் வேலை பார்க்கும் என் மகனுக்கு, வருஷத் திவசத்துக்கு அம்மா படம் வேண்டும். ஹாலில் என் அப்பா, அம்மா, பெரியப்பா எல்லோரும் மாலையோடு வரிசையாக இருக்கிறார்கள். அம்மா மட்டும் இல்லையே என்று அவனுக்கு ஆதங்கம்.

என் கஷ்டம் வேறு. எனக்கு அவள் முகம் மறந்துகொண்டு வந்தது. காலையில் காபி ஆற்றும்போது நினைத்துப் பார்ப்பேன். மூக்குத்தி வரும், மூக்கு வராது. குரல் வரும், வாய் வராது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய முகம் எங்கேதான் போகும்? எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஸ்டூடியோக்காரர் கன்னடக்காரர். கேட்டுவிட்டு, "ஜாடையில கூடப்பொறந்தவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க ஸ்வாமி. மிச்சத்தை நான் டச் பண்ணிக்கிறேன்" என்றார். நாகம்மாவும் முனிசாமியும் அச்சில் வார்த்தது போல இருப்பார்கள். மீசைதான் வித்தியாசம். அதை மட்டும் டச்சில் எடுக்க முடியாது, உதடு தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நான் கெஞ்சினேன். "அக்காவுக்குத் தலையே குடுப்பேன், மீசை என்ன மாமா" என்றான் முனிசாமி. கத்தி மேலுதட்டில் பட்டபோது மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

நம் பக்கத்தில் மீசையை எடுத்தால் வீட்டில் சாவு என்றுதானே அர்த்தம்? ஊர் திரும்பும்போது பஸ் கண்டக்டர் துக்கம் விசாரித்தாராம். "யாருங்க?" "அக்கா." "எப்பங்க?" "போன வருசம்." கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டாராம்.

படம் வந்தது. நீலப் பட்டு, பெரிய பொட்டு, மூக்குத்தி. நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நாகம்மாதான்... யாராவது வம்புக்கு இழுத்தால் பதில் சொல்வதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பாளே, அதே பார்வை.

திவசத்தன்று இலை போட்டாயிற்று. மகன் மாலையை எடுத்துக்கொண்டு படத்தருகே போனான். முனிசாமி மனைவி லட்சுமி குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"அண்ணா, அது எங்க வூட்டுக்காரர் மூஞ்சி. உசுரோட இருக்கிறவருக்கு மாலை போட்டு வெளக்கு வெப்பீங்களா?"

"அத்தை, அது அம்மா" என்றான் என் மகன்.

"பொடவதான் உங்கம்மாவுது. உள்ள ஒக்காந்திருக்கிறது யாரு?"

பங்காளி ஒருவர் எழுந்து, மாலையைக் கழுத்தில் படாமல் புடவையில் மட்டும் படும்படி தொங்கவிடலாமே என்று ஒரு யோசனை சொன்னார். மாலை என்றால் கழுத்துக்குத்தான், இடுப்புக்கா என்று இன்னொருவர் கேட்டார். பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் தெலுங்கிலும் சண்டை போட்டார்கள். சம்பந்தப்பட்ட முனிசாமியோ வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு, "எதுக்கு மாமா வம்பு... ஊதுவத்தி மட்டும் வெச்சா பரவால்லையா?" என்று என்னையே கேட்டான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பெண்டாட்டிக்கு என் வீட்டில் ஒரு மாலை போட எனக்கு உரிமையில்லையா என்று கத்தினேன்.

லட்சுமி கத்தவில்லை. கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு அண்ணி போயிட்டாங்கண்ணா. எனக்கு இவரு இருக்காரு. இருக்கிறவரைப் போனவராக்கிப் பாக்க எனக்கு மனசு வரலியே" என்றாள்.

நியாயம்தானே? அந்தப் பயம் எனக்குத் தெரியாதா? மாலையை வாங்கிப் பிள்ளையார் படத்துக்குப் போட்டேன். இலையை வெறும் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுப் படைத்தோம். அதிலிருந்து முனிசாமி வாரா வாரம் பஸ் ஏறி வந்து, எனக்குத் தெரியாமல் படத்தின் கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறான். மாலை இல்லை என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கிறான்.

ஆக, வரிசையில் எல்லோருக்கும் மாலை. நாகம்மாவுக்கு மட்டும் இல்லை. அது எனக்கு முதலில் மனக்குறையாகத்தான் இருந்தது — நேற்று வரை.

நேற்று பெங்களூர் கம்பெனி ஏஜென்ட் ஒருவர் கூந்தல் தைலம் விற்க வந்தார். ஊருக்குப் புதிது. என் வழுக்கையைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. பிறகு சுவரைப் பார்த்தார். மாலையோடு இருந்தவர்களை விட்டுவிட்டு, மாலையில்லாத படத்தில் வந்து நின்றார்.

"அம்மா ஊர்ல இல்லீங்களா?"

ஒரு வருஷமாக என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எல்லோரும் 'எப்படித் தனியாகச் சமாளிக்கிறீர்கள்' என்றுதான் கேட்கிறார்கள்.

"பர்கூருக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருக்கா" என்றேன்.

"அப்ப ஒரு பாட்டில் வெச்சுட்டுப் போறேன் சார், வந்ததும் குடுங்க."

"ரெண்டாக் குடுங்க" என்றேன். "அவளுக்கு முடி ஜாஸ்தி."