முன்பா, பின்பா

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை இருந்தது. சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் மாட்டியது. ஃபேன் காற்றில் அது ஒரு முறை என் பக்கம் உப்பும், மறுமுறை அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது அங்கே படுத்திருந்தவளின் முழங்கால் துணியில் அச்சுப் போலத் தெரியும். பிரசவ அறையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வலி அல்ல, என் மகளின் முகம்கூட அல்ல. அந்த முழங்கால்தான்.

நான் கத்திக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுப்பவள் நான். குரலை உயர்த்தாமலே பிள்ளைகளை அடக்குவேன் என்று பள்ளியில் எனக்குப் பெயர் உண்டு. அந்த மதியம் என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. நர்ஸ் அலுத்துப்போய்ச் சொன்னார்: "எம்மா டீச்சரு, ஸ்கூல்லயும் இப்படித்தான் ஊரக் கூட்டுவியா? தோ, அந்தப் பக்கம் ஒரு பொண்ணு படுத்திருக்குது. வாயத் தொறந்துச்சா பாரு. பொண்ணுன்னா அப்படி இருக்கணும்." அடுத்த வலி வரும்வரை நானும் வாயை இறுக்கிக்கொள்வேன். அடுத்த வலி வந்ததும் பழையபடி கத்துவேன்.

டாக்டரம்மா ஒருநாளும் என்னை அதட்டியதில்லை. மாதாமாதம் பரிசோதனைக்குப் போகும்போது என் மாமியார்தான் கூட வருவார். கால் வீங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று டாக்டரம்மா என்னைக் கேட்டால் அத்தைதான் பதில் சொல்வார். ஒருநாள் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, முழுவாம இருக்கறது நீங்களா, உங்க மருமவளா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டார். பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது, கத்திவிடுவேனோ என்று கூச்சமாக இருக்கிறது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "வலிச்சா கத்துங்க. கத்துறவங்களப் பத்தி எனக்குக் கவலையே கெடையாது. கம்முனு கெடக்கறவங்களத்தான் நான் திரும்பத் திரும்பப் போயி பாப்பேன்."

அது எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அன்று வர வேண்டிய இன்னொரு டாக்டர் வரவில்லை. இரண்டு கட்டில்களுக்கும் சேர்த்து டாக்டரம்மா ஒருவர்தான். திரைக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று போய் வந்துகொண்டிருந்தவர், பிறகு என் பக்கத்திலேயே நின்றுவிட்டார். குழந்தை பிறந்ததும் எனக்கு ரத்தம் அதிகமாகப் போனது. அவர் என் வயிற்றை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார். இதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஒன்று மட்டும் அப்படியே முழுசாக இருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், "டாக்டரம்மா" என்று கூப்பிட்டது. கூட்டமாக இருக்கும் கடையில் ஓரமாக நின்று ஒரு தீப்பெட்டி கேட்பவரின் குரல் போல அத்தனை தணிவாக இருந்தது. டாக்டரம்மா தலையைத் திருப்பினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போவாதீங்க டாக்டர்" என்றேன். அவர் போகவில்லை.

என் மகள் அழுதாள். அந்தப் பக்கமும் ஒரு குழந்தை பிறந்தது, அது அழவில்லை. ஆண் குழந்தை என்று பிறகு சொன்னார்கள்.

அவளும் நானும் ஒரே வார்டில் கிடந்தோம். பெண்ணாடத்துப் பெண். எங்கள் ஊர் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் வேலை, கணவனுக்கு அங்கேயே சூளையில் வேலை. வயதில் என்னைவிடச் சின்னவள். என் மகள் பசித்து அழும்போதெல்லாம் அவள் மார்பில் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்துவிடும். அவள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். அதைப் பார்த்துவிட்ட அத்தை, குழந்தை சிணுங்கினாலே தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவார். நானும் வராந்தாவில் உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன். அப்போதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அமைதியான பெண், நல்ல பெண் என்று வார்டே சொன்னது.

நாங்கள் வீட்டுக்கு வந்தபின் அவள் உறவுக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலில் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். புகார் போனது. டாக்டரம்மாவை சஸ்பெண்ட் செய்தார்கள். என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர், இந்த விவகாரங்கள் அவருக்குத் தெரியும். "செவன்டீன் பி குடுத்துட்டாங்களாம். பெரிய தண்டனைக்குண்டான சார்ஜு. வேலையே போனாலும் போவும்" என்றார். குழந்தையின் இதயத்துடிப்பை உரிய நேரத்தில் பார்க்கவில்லை, நோயாளி அழைத்தும் செல்லவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். நோயாளி அழைக்கவே இல்லை, மிகவும் அமைதியாக இருந்தார் என்று நர்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அறையில் இருந்த இன்னொரு ஆள் நான். என்னை விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றுதான் என்று கணவர் விளக்கினார். அவள் கூப்பிட்டாளா? கூப்பிட்டாள் என்றால் என் குழந்தை பிறப்பதற்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் டாக்டரம்மா கையை எடுத்திருந்தால் என் உயிர் போயிருக்கும், அவர்மேல் தவறில்லை. முன்பு என்றால், நான் வெறுமனே கத்திக்கொண்டுதான் இருந்தேன். டாக்டரம்மா நாலு எட்டு வைத்துப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

எனக்குத் தெரியவில்லை. இரவும் பகலும் யோசித்தேன். மாவு கரைக்கும்போது, குழந்தைக்குத் துணி மாற்றும்போது யோசித்தேன். குரல் வந்தபோது என் வயிறு கனமாக இருந்ததா, காலியாக இருந்ததா? ஒருநாள் முன்பு என்று உறுதியாகத் தோன்றும். மறுநாள் பின்பு என்று அதே உறுதியோடு தோன்றும். பிரசவ அறைக் கடிகாரம் அந்தப் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. டாக்டரம்மா திரும்பியது குரலுக்காகவா, குழந்தை பிறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளவா? நேரம் பார்க்கத் திரும்பினார் என்றால் அது பின்பு. அப்படியானால் நான் எதற்காகப் போகாதீர்கள் என்று கெஞ்சினேன்?

அத்தை தீர்ப்பு எழுதிவிட்டார். "உன்னையும் உம் புள்ளையையும் வாங்கிக் குடுத்த கை அது. அந்தம்மாவுக்கு எதிரா வாயத் தொறந்தீனா இந்த வூட்டுல சோறு எறங்காது, சொல்லிட்டேன்." அதற்கு மறுவாரம் அந்தப் பெண்ணின் அண்ணன் வீடு தேடி வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்தேன். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். "பொய் சொல்லச் சொல்லல டீச்சர். நடந்தத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். உள்ளே தொட்டிலில் என் மகள் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றார். என் கணவரும் அதையேதான் சொன்னார், உண்மையைச் சொல்லிவிட்டு வா என்று. எல்லோரும் என்னிடம் உண்மையைத்தான் கேட்டார்கள். அதைத் தவிர வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

விசாரணைக்கு முந்தைய வாரம் டாக்டரம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு இல்லாமல் அவர் உயரம் குறைந்துவிட்டது போலிருந்தது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். நானும் நகர்ந்திருப்பேன், அதற்குள் அவர் பார்த்துவிட்டார். "பாப்பா எப்படி இருக்கா? ஒன்பதாம் மாச ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். ஊசி போட்ட இடத்தில் வீங்கியதா, காய்ச்சல் வந்ததா என்றெல்லாம் கேட்டார். விசாரணையைப் பற்றி ஏதாவது கேட்கமாட்டாரா, இதைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடமாட்டாரா என்று ஏங்கினேன். கடைசியில் நானே கேட்டேன். "டாக்டர், அந்தப் பொண்ணு கூப்பிட்டப்ப எனக்கு ஆபத்தா இருந்துச்சா?"

கையிலிருந்த கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அத நீங்க எங்கிட்ட கேக்கக் கூடாதும்மா. கேட்டாலும் நான் சொல்லக் கூடாது" என்றார். பிறகு, "காம்பு கருத்துப் போனத வாங்காதீங்க, உள்ள புழு இருக்கும்" என்று என் பையிலிருந்த ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டுப் போனார்.

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "நீங்க நல்லாக் கத்திக்கிட்டு இருந்ததா சிஸ்டர் சொல்றாங்க. கத்திக்கிட்டு இருந்தா இவ்ளோ மெதுவான குரல் எப்படிம்மா காதுல விழும்? அப்ப நீங்க சும்மா இருந்திருக்கணும். எப்ப சும்மா இருந்தீங்க?" கணக்கு டீச்சரான எனக்கு அந்தக் கேள்வியின் ஒழுங்கு பிடித்திருந்தது. அதற்கு விடை இருக்கும் என்றுகூட ஒரு நொடி நம்பினேன். ஆனால் நான் இரண்டு முறை சும்மா இருந்திருக்கிறேன். வலிக்கும் வலிக்கும் நடுவே இருந்திருக்கிறேன். ரத்தம் போய் மயங்கும்போதும் இருந்திருக்கிறேன்.

"கூப்பிட்டாங்க. டாக்டர் திரும்பினாங்க. நான் அவங்க கையப் புடிச்சிக்கிட்டேன். அவங்க போகல. முன்னாடியா பின்னாடியான்னு எனக்குத் தெரியலைங்க" என்றேன். அதையே எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் பெரியது என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு முதல் வாக்கியமே போதுமாக இருந்தது. நோயாளி அழைத்தது உறுதியாகிறது என்று முடிவு வந்தது. டாக்டரம்மாவுக்கு வேலை போகவில்லை. சம்பள உயர்வை நிறுத்தி, தெற்கே எங்கோ மாற்றினார்கள். அவர் அங்கே போய்ச் சேரவில்லை, வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அத்தை பல மாதங்கள் என்னிடம் அளந்துதான் பேசினார். டீச்சர் தெரியாது தெரியாது என்று நழுவிவிட்டார் என்று அந்த அண்ணன் சொன்னதாகவும் காதுக்கு வந்தது.

இப்போது என் மகள் எல்.கே.ஜி. போகிறாள். போன மாதம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்காக அவளைக் கூட்டிக்கொண்டு பெண்ணாடம் பஸ்ஸில் போனேன். நல்ல கூட்டம். பக்கத்து இடம் காலியானதும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வளைகாப்பு வளையல்கள், நிறைமாதம் போன்ற வயிறு. அவள்தான். தாய் வீட்டுக்குப் போகிறாளாம். எழுந்து நின்றுவிடலாமா என்று நினைத்தேன். நகர இடமில்லை, ஜன்னல் பக்கம் நான்.

அவள் என் மகளைத்தான் முதலில் பார்த்தாள். "இதுவா அது? நல்லா வளந்துட்டுது" என்றாள். கன்னத்தைத் தொடக் கையை நீட்டி, தொடலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் மகளை அவள் பக்கம் நகர்த்தினேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள்.

"எல்லாரும் நான் கூப்புடவே இல்லன்றாங்கக்கா. எங்க மாமியா வூட்டுலயும் அதான் பேச்சு. ஊமையாட்டம் கெடந்து புள்ளய வுட்டுட்டான்றாங்க. கூப்ட்டன்னு நீங்க ஒருத்தங்கதான் சொன்னீங்களாம். எங்க அண்ணன் சொல்லுச்சு."

"கூப்பிட்ட. எனக்குக் கேட்டுச்சு" என்றேன். இத்தனை ஆண்டுகளில் என்னால் சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்த ஒரே வாக்கியம் அது. அவள் முகம் இளகியது.

"எத்தினி தடவ கேட்டுச்சுக்கா?"

"ஒரு தடவ."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, குற்றம் சொல்லும் பார்வையும் இல்லை. நான் தப்பாக எண்ணிவிட்டேன், திருத்த வேண்டும் என்பது போல மெதுவாகத் தலையாட்டினாள்.

"ஒரு தடவ இல்லக்கா. நான் கூப்ட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

முன்பும் கூப்பிட்டிருக்கிறாள், பின்பும் கூப்பிட்டிருக்கிறாள், நான் கத்திய நேரமெல்லாம் கூப்பிட்டிருக்கிறாள். விசாரணையில் யாரும் அவளிடம் இதைக் கேட்கவில்லையா, கேட்டும் அவள் குரல் அந்த மூன்று பேருக்கு எட்டவில்லையா என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை. டாக்டரம்மாவுக்கு இது தெரியுமா? தெரிந்தால் அவருக்கு ஆறுதலா, இன்னும் பாரமா? என் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்ற அவருக்கு எது கேட்டிருக்கும்?

அவள் நிறுத்தம் வந்தது. வயிற்றில் ஒரு கையை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். கீழே நின்று, ஜன்னலைப் பார்த்து என்னவோ சொன்னாள். போயிட்டு வரேன் என்றாளா, வேறு ஏதாவது சொன்னாளா? இன்ஜின் சத்தத்தில் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் மகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "என்னம்மா? என்ன சொன்ன? கேக்கல, சத்தமாச் சொல்லு!" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடியும் சொன்னாள். அதே குரலில்தான் சொல்லியிருப்பாள். பஸ் நகர்ந்துவிட்டது.