மைக்கை அணைத்தது நான்தான்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எழுத்தராகச் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றேன். சொத்தின் எல்லையில் வடக்கு தெற்காகிவிட்டால் இரண்டு குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போகும். தகப்பனார் பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தாலும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எழுத்துப் பிழையைப் பார்த்தால் எனக்கு உடம்பே கூசும். அந்தப் பழக்கத்தை நாற்காலியோடு அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

என் மனைவி குளத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இலையை எலை என்பாள், உரலை ஒரல் என்பாள், இடத்தை எடம் என்பாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அவள் சொன்னால் மட்டும் நான் திருத்துவேன், விருந்தாளிகள் இருந்தாலும் திருத்துவேன். அவளும் சும்மா விடமாட்டாள்.

"நான் எலைன்னு சொல்லிப் போட்ட எலையிலதானே நாப்பது வருசமாத் திங்கிறீங்க? சோறு எறங்கலையா?" என்று ஒருமுறை என் அலுவலக நண்பர்கள் முன்னால் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஒரு காலை வேளையில், துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கொடிக்குக் கீழே விழுந்தாள். பக்கவாதம். திருமயத்திலிருந்து திருச்சிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தாள். வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. அதற்கான சொல்தான் வாய்க்கு வரவில்லை. முதல் சில மாதங்கள் முக்கியம், தினமும் பயிற்சி செய்தால் பேச்சு திரும்ப நல்ல வாய்ப்பிருக்கிறது, அந்தக் காலத்தைத் தவறவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அதை என்னிடம்தான் சொன்னார். புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினேன்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் திருச்சியில் இருந்தாள். வாரத்துக்கு இரண்டு முறை பஸ்ஸில் அழைத்துப்போவது முடியாத காரியம். அதற்காக அவர்கள் ஒரு இணையதளம் வைத்திருந்தார்கள். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் லீவு போட்டுவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப்பை வைத்துத் தளத்தைத் திறந்தாள். உங்கள் மைக்ரோஃபோனைப் பயன்படுத்தவா என்று கேட்டு மேலே ஒரு பெட்டி வந்தது. அதில் 'அனுமதி' என்றும் 'தடு' என்றும் இருந்தன. மகள் 'அனுமதி'யை அமுக்கினாள்.

"இனிமே ஒவ்வொரு தடவையும் கேக்காதுப்பா. நீங்க தொறந்து அம்மாவ உக்கார வச்சாப் போதும்."

திரையில் ஒரு படம் வரும். ஒரு பெண் குரல் "இது என்ன?" என்று கேட்கும். மனைவி சொல்வதை அது பதிவு செய்யும். அப்போது மேலே ஒரு சிவப்புப் புள்ளி எரியும். படத்தின் பெயரை ஒத்த சத்தம் வந்தால் "நன்று" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போகும், வராவிட்டால் மறுபடி கேட்கும். பதிவானதெல்லாம் திருச்சிப் பெண்ணுக்குப் போய்விடும். சனிக்கிழமைகளில் அவள் வீடியோவில் வந்து பேசுவாள். மகளும் சென்னையிலிருந்து சேர்ந்துகொள்வாள்.

மூன்று வாரம் வெறும் காற்றுதான் வந்தது. நான்காவது வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, வாழை இலைப் படம் வந்தது. அவள் உதட்டைக் கோணி, கண்ணை இறுக மூடி, "எ... லை" என்றாள்.

நோய் வந்த பிறகு அவள் பேசிய முதல் சொல். நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். "எலை இல்ல, இலை. இ. சொல்லு, இ" என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறுபடியும் "எலை" என்றாள். இந்தத் தடவை சொல் உடையாமல் வந்தது. நான் மேஜையில் அடித்தேன். "வாயே போயிக் கெடக்கு, அப்பவும் பட்டிக்காட்டு நாக்கு போகலையே. ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து ஒழுங்கா வருதா ஒனக்கு?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுபோனது. சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை திருச்சிப் பெண் திரையில் வந்ததுமே, "அம்மா, எலைன்னு சொல்லிட்டீங்களே!" என்று கைதட்டினாள். மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குக் கேக்கணும், போடுங்களேன்" என்றாள். அந்தப் பெண் தயங்கினாள். அந்தத் தயக்கம் எனக்கு அப்போது புரியவில்லை. மகள் விடாமல் கேட்கவும் போட்டுவிட்டாள். என் மனைவியின் குரல் வந்தது. அதைத் தொடர்ந்து என் குரல் வந்தது, முழுவதுமாக.

மகள் "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

திருச்சிப் பெண், "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா சின்ன வயசுலேர்ந்து பேசின பேச்சுதான் மொதல்ல திரும்பி வரும். எங்களுக்கு எலைதான் சார் சரி. திருத்தாதீங்க, பயந்துட்டாங்கன்னா மூடிக்குவாங்க" என்றாள்.

அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. என் மனைவியிடம் அப்படிப் பேசியதற்கு அல்ல, அது வெளியே கேட்டுவிட்டதற்கு. எத்தனை முறை யோசித்தாலும் அதுதான் உண்மை.

மறுநாள் மகளுக்குப் போன் செய்து, இந்த லேப்டாப் எந்நேரமும் நம் வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். எல்லோருக்கும் இருக்கும் ஒட்டுக்கேட்கும் பயம்தான் என்று நினைத்துச் சிரித்தாள்.

"நீங்க உஷாரான ஆளுப்பா. அட்ரஸ் இருக்குற எடத்துக்கு எடப்பக்கம் சின்னதா ஒரு குறி இருக்குல்ல, அத அமுக்குங்க. மைக்ரோஃபோன்னு வரும். பக்கத்துல இருக்குற பொத்தானத் தள்ளி விட்டா அந்த சைட்டுக்கு மைக் கட். திரும்பத் தள்ளினா ஆன். மத்த சைட்டெல்லாம் அது பாட்டுக்கு வேலை செய்யும். பயிற்சி நேரத்துல மட்டும் மறக்காம ஆன் பண்ணிருங்க."

திங்கட்கிழமை காலை அவள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் அந்தக் குறியை அமுக்கிப் பொத்தானைத் தள்ளினேன். தளத்தை மறுபடி திறந்தேன். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இன்று ஒரு நாள் மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாழைப்பழம் வந்தது. "இது என்ன?" அவள் முக்கி, "பழ" என்றாள். நன்றாகவே கேட்டது. இயந்திரம், "கேட்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். "பழ... ம்." "கேட்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்." அரை மணி நேரம் இது நடந்தது. அடுத்த நாளும் நடந்தது. பொத்தானைத் திரும்பத் தள்ள ஒரு நொடிதான் ஆகும். தள்ளினால் என் பேச்சு மறுபடி திருச்சிக்கும் சென்னைக்கும் போகும். தள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் முன்னைவிட அதிகமாகவே பேசினேன்.

அந்தச் சனிக்கிழமை திருச்சிப் பெண், "சார், இந்த வாரம் பதிவே இல்லையே. மைக் ஆன்ல இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா. இப்ப நான் பேசுறது ஒனக்குக் கேக்குதுல்ல? அதே மைக்குதான்" என்றேன். வீடியோ பேசுவது வேறு தளம், அதற்கு அனுமதி இருந்தது. "அவதான் வாயத் தொறக்க மாட்டேங்கிறா. மனசு வைக்க மாட்டேங்கிறா."

என் மனைவி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அவளுக்கு எல்லாம் புரியும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். என் கையைப் பிடித்து இழுத்தாள். "இ... இ..." என்றாள். இல்லை என்று சொல்ல வந்தாள். 'இ' வந்தது, 'இல்லை' வரவில்லை. அதற்குள் நான் பக்கத்தில் இருந்தாலே அவளுக்குச் சொல் பாதியில் அடைக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண், "ஒண்ணும் இல்லம்மா, மெதுவா" என்றாள்.

நான்கைந்து வாரம் இப்படியே போனது. மனைவி வாயைத் திரைக்கு வெகு அருகில் கொண்டுபோய்ச் சொல்லிப் பார்த்தாள். கத்திப் பார்த்தாள். சொல்லும்போதே தொண்டையில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அது எதற்கு என்று எனக்குத் தெரியாமலில்லை. தன் குரல் வெளியே வருகிறதா என்று தொட்டுப் பார்த்தாள். நான் தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா இந்த வீம்பு? நான் எத்தனை லீவு போட்டு, எத்தனை பேரக் கெஞ்சி இத ஏற்பாடு பண்ணேன்? அப்பா பாவம், ஒனக்காக தெனமும் உக்காந்திருக்காரு. வாயத் தொறந்தா என்னம்மா?" என்றாள். என் மனைவி திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. செய்ததிலேயே கொடுமையானது எது என்று என்னைக் கேட்டால், பொத்தானைத் தள்ளியது அல்ல, இதுதான் என்பேன்.

அதன்பின் வந்த வாரத்தில், காலையில் பால் ஊற்றும் பெண் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க சார், அக்காவுக்குப் பேச்சு வரலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க? என்கிட்ட நல்லாத்தானே பேசுறாங்க."

"என்ன பேசுனா?"

"பாலுன்னாங்க. போதும்னாங்க. நேத்து என் கையப் புடிச்சுக்கிட்டு, கேக்குதா, கேக்குதான்னு நாலு தரம் கேட்டாங்க. நல்லாக் கேக்குதுக்கா, ஒங்க வீட்டுக்காரருக்குத்தான் காது டமாரம்னேன்." சிரித்தாள். "கோவிச்சுக்காதீங்க சார், அக்காவச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவங்க சிரிக்கல, அழுதாங்க. ஏன் சார்?"

தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பால் பாத்திரத்தோடு உள்ளே வந்தேன்.

அன்றைக்கே பொத்தானைத் திரும்பத் தள்ளினேன். அவளை அழைத்தேன். வந்து உட்கார்ந்தாள். சிவப்புப் புள்ளி எரிந்தது. "இது என்ன?" அவள் வாயைத் திறக்கவில்லை. கைகள் மடியில் இருந்தன. "சொல்லு, இப்பக் கேக்கும்" என்றேன். "எப்படி வேணும்னாலும் சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். படங்கள் மாறவே இல்லை, அதே படம் அப்படியே நின்றது. பத்து நாள் முயன்றேன். திருச்சிப் பெண் பதிவுகளைக் கேட்டுவிட்டு, "சார், இப்ப வருது. ஆனா ஒங்க குரல் மட்டும்தான் வருது. கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம்" என்றாள். பால்காரப் பெண்ணிடமும் பேச்சு நின்றுவிட்டது. டாக்டர் சொன்ன மாதங்கள் கடந்துவிட்டன.

ஒரு வருடத்துக்கு மேல் இதை மறைத்தேன். போன மாதம் முதலில் என் மனைவியிடம் சொன்னேன். எதிரே உட்கார்ந்து, பொத்தான் எங்கே இருக்கிறது என்பது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். உன் குரல் நன்றாக வந்தது, நான்தான் அதைப் போகவிடாமல் செய்தேன் என்றேன். முழுவதும் கேட்டாள். அழவில்லை. எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, வேறு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிறகு மகளுக்குப் போன் செய்தேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மாகிட்டக் குடுங்க" என்றாள். அதுவரை என்னிடம் எதைப் பேசினாலும் எங்காவது ஒரு 'ப்பா' சேர்த்துத்தான் பேசுவாள்.

இப்போது தினமும் மாலையில் மகள் தன் அம்மாவின் போனுக்குக் கூப்பிடுகிறாள். மணி அடித்ததும் என் மனைவி எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்கிறாள். ஸ்பீக்கரில் மகள் பேசுவது தேய்ந்து வெளியே கேட்கிறது. கொஞ்சம் பேசுகிறாள், நிறுத்துகிறாள். பதிலுக்குக் காத்திருப்பது போன்ற இடைவெளி. மறுபடி பேசுகிறாள். அந்த இடைவெளியில் உள்ளே ஏதாவது குரல் எழுகிறதா என்று எனக்குத் தெரியாது. கதவில் காதை வைத்தால் தெரிந்துவிடும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கும் வரை தெருவில் நடந்துவிட்டு வருகிறேன்.