மஞ்சள் பல்பும் வெள்ளைக் கந்தூராவும்

அன்புச் சகோதரர்களே, அல்லாஹ்வின் சாந்தி உங்கள்மீது இறங்கட்டும். மேடையேறிப் பேசத் தெரியாத தையல்காரன் நான். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவனாகிவிடுவேன்.

2009-ஆம் வருடம். துபாய் சத்வாவில், அரபிகள் உடுத்தும் வெள்ளைக் கந்தூரா தைக்கும் கடையில் வேலை செய்தேன். ஊர் கீழக்கரை. அந்தக் கோடையில் என் கண் மஞ்சளாகிவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு. மாலையானால் குளிர் காய்ச்சல். அதே மாதம் விசா புதுப்பிக்க மெடிக்கல் பரிசோதனைக்குப் போக வேண்டும். காமாலை என்று தெரிந்தால் ‘அன்ஃபிட்’ என்று ஊருக்கு ஏற்றிவிடுவார்களோ என்று பயம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே முடிவு கட்டிக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. என் மெஷினுக்கு மேலிருந்த டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு ஒன்றை மாட்டினேன். அந்த வெளிச்சத்தில் எல்லோருமே மஞ்சள்தான், என் கண்ணை யார் கவனிக்கப் போகிறார்கள்? கட்டிங் மாஸ்டர் ஜாபர், அண்ணன்மாரைக் ‘காக்கா’ என்றழைக்கும் எங்கள் ஊர்ப் பையன், கேட்டே விட்டான்.

“என்ன காக்கா, கல்யாண வீடு மாதிரி பல்பு போட்டிருக்கிய?”

“டியூப்லைட்டு கண்ணு கூசுது தம்பி.”

ஒவ்வொரு தொழுகையிலும் ஒரே துஆ, ஒரே வேண்டுதல். “யா அல்லாஹ், குறைகளை மறைப்பவனே, என் நோயை யார் கண்ணுக்கும் காட்டாதே.” அழுது கேட்டேன்.

நாட்கள் கனவு போலக் கரைந்தன. காய்ச்சலில் மெஷின் சத்தம் கடலுக்கு அப்பால் எங்கோ ஓடுவதாகக் கேட்டது. துணி தானாக நகர்ந்தது. கத்தரிக்கோல், நூல்கண்டு, என் கைகள், எல்லாம் பொன்னிறத்தில் மிதந்தன. சாவு இப்படி இதமாகத்தான் வருமோ என்று ஒருமுறை தோன்றியது. உடனே என் மனைவியின் முகம் நினைவுக்கு வந்து பதறினேன்.

ஒரு புதன்கிழமை பகலில் அபூ சயீத் வந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர், வயதான அரபி. முதல் நாள் நான் தைத்துக் கொடுத்த கந்தூராவை மேசையில் வீசி, “ஷூ ஹாதா? யே க்யா ஹை?” என்று, என்ன இது என்பதை அரபியிலும் இந்தியிலும் கேட்டார். எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. வெள்ளைத் துணி, வெள்ளை நூல். “சஹி ஹை, பாபா”, சரியாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் கந்தூராவையும் எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து வெளியே வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பளீரென்ற வெள்ளைத் துணியில், தோளிலிருந்து கால்வரை சந்தன நிற நூல் ஓடியிருந்தது! மஞ்சள் பல்பின் கீழ் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்திருக்கிறது. இருபது வருடத் தொழிலில் எனக்கு நூல் மாறியதே இல்லை. மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தேன். அவர் துணியைப் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கந்தூரா கலாஸ். யல்லா, ஹாஸ்பிடல்” என்றார். கந்தூரா போகட்டும், கிளம்பு என்று அர்த்தம்.

கழுத்தில் டேப் தொங்கியபடியே அவர் காரில் ஏறினேன்.

பித்தக் குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது. வாய்வழியாகக் கருவி விட்டு எடுக்கப் பார்த்தவர்கள் வழி கிடைக்காமல் திரும்பினார்கள். இளவயதில் அல்சருக்காக என் இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டுக் குடலை மாற்றித் தைத்திருந்ததால் உள்ளே பாதை மாறிப்போயிருந்தது. வயிற்றைத் திறக்க உடம்பில் தெம்பில்லை என்றார்கள். கடையிலிருந்து ஓடிவந்திருந்த ஜாபர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். ஊரிலிருந்து மனைவி போனில் சொன்னாள்: “நான் தொழுகப் பாய், முசல்லாவ விரிச்சு உக்காந்துட்டேன். நீங்க பயப்படாதிய.”

அன்றுதான் என் துஆ மாறியது. “மறைத்தது போதும் ரப்பே. ஒரு வழி காட்டு.”

சில நாட்களுக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டருக்கு ஒரு புதிய முறை தெரிந்திருந்தது. நுனியில் ஸ்கேன் பொருத்திய குழாயை இரைப்பைக்குள் இறக்குவார்கள். இரைப்பைச் சுவருக்கு அப்பால் ஈரலுக்குள் வீங்கி நிற்கும் பித்தக் குழாயை ஸ்கேனில் பார்த்து, உள்ளிருந்தே ஊசி குத்துவார்கள். ஊசி வழியே மெல்லிய கம்பி, கம்பியின்மேல் ஸ்டென்ட் என்கிற சிறு குழாய். தேங்கிய பித்தம் அதன் வழியே இரைப்பையில் வடிந்துவிடும். பைஜாமாவுக்கு நாடா கோர்க்கிற வேலைதானே! அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மலையாள நர்ஸ், “பேடிக்கண்டா இக்கா”, பயப்படாதீங்க அண்ணே என்று சொல்லி மயக்க ஊசி போட்டார்.

மயக்கத்தில் கடலின்மேல் வெள்ளைத் துணி விரிந்துகொண்டே போனது. தையல் அதில் தானாக ஓடியது. தைக்கிற கையைக் காணவில்லை. பயமும் இல்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றது. பிறகு அரிப்பு அடங்கியது. கண் மெல்ல மெல்ல வெளுத்தது. அல்ஹம்துலில்லாஹ். உடம்பு தேறியபின் கல்லையும் எடுத்தார்கள். நான் நடுங்கிய மெடிக்கலும் தாமதமாக, நல்லபடியாக முடிந்தது.

அபூ சயீதுக்குப் புதுக் கந்தூரா தைத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார், பழையதைத் திருப்பித் தரவில்லை. பெருநாள் தொழுகைத் திடலில் எனக்கு முன்வரிசையில் நின்றார். காலை வெயிலில் அவர் தோளில் சந்தன நூல் தெரிந்தது. என்னால் அழாமல் இருக்க முடியவில்லை.

சகோதரர்களே, நான் மறைக்கச் சொல்லிக் கேட்டேன். உயிரைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்ன தேவை என்று அல்லாஹ்வுக்குத் தெரிந்திருந்தது. இப்போது என் மெஷினுக்கு மேலே டியூப்லைட்தான் எரிகிறது. நீங்களும் எதையாவது மூடிவைத்துக்கொண்டு அழுகிறீர்களா? அவனிடம் கேளுங்கள். யாராவது வந்து உங்கள் கையைப் பிடித்து வெயிலுக்கு இழுத்தால், உதறாதீர்கள். கூடவே போங்கள்.